ஏலத்தோட்டமும் சிறுவாட்டுக் காசும்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு எமனுடைய கெட்ட பெயர் அத்தனையும் உண்டு, எமனுக்குக் கிடைக்கும் மரியாதை மட்டும் கிடையாது. எமன் வந்து நின்றால் "அறுப்பு முடியட்டும், அப்புறம் வாங்க" என்று யாரும் சொல்ல முடியாது. என்னிடம் சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். இதைப் படிப்பவர்களில் பாலிஸி விற்றுப் பிழைத்தவர்கள் இருக்கலாம், விற்கப் பார்த்துப் பட்டினி கிடந்தவர்கள் இருக்கலாம், ஏஜெண்டின் சைக்கிள் மணியைக் கேட்டதும் கொல்லைப்பக்கமாக நழுவியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். மூன்று கூட்டத்தாரும் பட்டவர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நான் விற்றது பெரும்பாலும் ஒரே வகை. ஐம்பத்தைந்து வயதுவரை தவணை கட்டினால் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். நடுவில் ஆள் போய்விட்டால் அதே தொகை வீட்டுக்கு வரும். வேலை ஓய்ந்த பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் கஞ்சி குடிக்க ஒரு வழி, அவ்வளவுதான். நெல்லும் பருத்தியும் விலை விழுந்து கிடந்த அந்த வருஷங்களில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் கஞ்சியைப் பற்றிய கவலை இருந்தது. ஆண்களிடம் லாபத்தைச் சொல், பெண்களிடம் பயத்தைச் சொல் என்று கம்பெனி எங்களுக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தது. பாடத்தை நம்பி நானும் சைக்கிளில் ஏறினேன்.

மாமியார் பார்வை

கோம்பையில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி. அந்த ஊர் நாய்களின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டு நாய் என் கெண்டைக்காலில் அந்தப் பெருமையை நிலைநாட்டிவிட்டது. கடிபட்ட மனிதனை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சப்பட்டே அவர் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். பேனாவில் மையை உதறிக் கொடுத்துவிட்டேன். அந்த நேரம் உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆட்டுரலை நிறுத்திவிட்டு வந்து, இன்னொரு தரம் விளக்கமாகச் சொல்லும்படி கேட்டார்.

நான் பாடப்படி பயத்தைச் சொன்னேன். நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள், இந்தக் காகிதம் இருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார், புருஷன் கையிலிருந்த பேனாவை வாங்கி என் மடியில் வைத்தார்.

"அவுக நல்லா இருந்தா அவுகளுக்கு, போயிட்டா எனக்கு, அப்படித்தான? இனிமே அவுகளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எங்க மாமியா என் மூஞ்சியத்தான் பாப்பாக. எனக்கு இந்தக் காசும் வேணாம், அந்தப் பார்வையும் வேணாம். மஞ்சப்பத்து அரைச்சுத் தாரேன், கால்ல கட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

பின்வாசல் தவணை

மார்க்கையன்கோட்டையில் பெருமாள்சாமி என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். கணக்கில் புலி. நான் ஒரு மணி நேரம் விளக்க வேண்டிய பாலிஸியை அவர் எனக்கு விளக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிள்ளை இல்லாத வீடு. அவரும் அவர் மனைவி சீனியம்மாளும் ஒரு கறவை மாடும்தான். மூன்றாம் வருஷத் தவணைக்குப் போனபோது, "இனிமே கட்டுறதா இல்லை. மலையில ஏலத்தோட்டம் பாத்திருக்கேன்" என்று சொல்லிச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். செய்தித்தாளை விரித்தால் ஏஜெண்ட் எழுந்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம். எழுந்துகொண்டேன்.

தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து, "தம்பி, இங்கன வாங்க" என்று ஒரு குரல். சீனியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தவணைக்கு வேண்டியதை எடுத்து வைத்தார். வீட்டுப் பெண்கள் ஆண்களுக்குத் தெரியாமல் மோரிலும் எருவிலும் மிச்சம் பிடிக்கிற காசுக்குச் சிறுவாடு என்று பெயர். தெரியாமல் என்பது மரியாதைக்குச் சொல்வது. இருப்பது எல்லா ஆண்களுக்கும் தெரியும், எந்தப் பானையில் என்பதுதான் தெரியாது. சீனியம்மாள் வைத்திருந்தது உளுந்துப் பானையில். அவர் கொடுத்த காசெல்லாம் உளுந்துப் புழுதியோடுதான் வரும், நான் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

வாத்தியாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே அக்கா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பாலிஸி நின்னுபோச்சுன்னே அவுக நெனச்சுக்கிடட்டும். அம்பத்தஞ்சு வயசு ஆன அன்னைக்கு மொத்தத்தையும் கையில குடுத்துட்டு, அவுக முழிக்கிற முழிய ஒருவாட்டி பாக்கணும் தம்பி."

காப்பிக் கிளப்பில் ஒரு தாவு

வாத்தியாரை நான் முழுதாக விட்டுவிடவில்லை. சின்னமனூர் காப்பிக் கிளப்பில் அவரும் அவர் மச்சினன் ராமையாவும் உட்கார்ந்திருந்தபோது நானும் போய் ஒட்டிக்கொண்டேன். ராமையா சீனியம்மாளின் தம்பி, அரிசிக்கடை வைத்திருந்தவர், தோட்டத்தில் அவரும் ஒரு பங்கு. மலை மெட்டுக்கு அந்தப் பக்கம், மலையாளச் சீமையிலிருந்து வந்த தரகர் ஒருவர் ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். பச்சை ஏலக்காய் வாசனை வந்ததும் பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "பேடிக்கேண்டா சாரே" என்று தரகர் வாத்தியாரின் தோளைத் தட்டினார். பயப்படாதே என்று ஒருவன் சொல்லும்போதுதான் எனக்கெல்லாம் பயம் வரும். ஆனால் வாத்தியார் காப்பியில் விரலை நனைத்து மேஜைமேல் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

அத்தனை அழகான கணக்கை நான் பார்த்ததில்லை. இத்தனை செடி, செடிக்கு இத்தனை காய், மூன்றாம் வருஷம் முதல் உட்கார்ந்து சாப்பாடு. அந்தக் கணக்கில் மழை தப்பிய வருஷம் இல்லை, விலை விழுந்த வருஷம் இல்லை, மலைக்காய்ச்சல் இல்லவே இல்லை. வேலையை விட்டுவிட்டு, கைக்கு வந்த பிராவிடண்டு பணத்தை அப்படியே மலையில் போட்டார். அதில் கொஞ்சத்தையாவது கீழே வையுங்கள் என்று கெஞ்சினேன்.

"அம்பது வயசுக்கு மேல ஊர்ந்துக்கிட்டே போனா சுடுகாட்டுக்குத்தான்யா போய்ச் சேரணும். ஒரே தாவு, தாவி உக்காந்துறணும். உமக்கு அது புரியாது, நீரு சாவுக்குச் சீட்டுப் போடுற ஆளு."

கூடப் பிறந்தவன்

பெண்கள் எல்லாம் விவரமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பொட்டிப்புரத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு விதவை இருந்தார். புருஷன் வழியில் வந்த நிலத்தை விற்று அத்தனையையும் நகையாக மாற்றி வைத்துக்கொண்டார். பேங்க் கூடாது, தபாலாபீஸ் கூடாது, நான் கூடவே கூடாது. காகிதத்தில் இருப்பது காசு இல்லை என்பது அவர் கட்சி. தங்கம் கையில் இருந்தால் தலைமாட்டில் சாமி இருக்கிற மாதிரி என்று சொல்லி, மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் அந்தத் தங்கத்தை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணனிடம் கொடுத்துவைத்தார்.

அண்ணன் நகையை விற்றுத் தன் புஞ்சையில் கிணறு வெட்டினான். தண்ணீருக்குப் பதில் பாறை தட்டியது. அப்புறமும் வெட்டினான், அப்புறமும் பாறைதான். அடுத்த தடவை நான் அந்தப் பக்கம் போனபோது பேச்சியம்மாள் அண்ணன் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார், கூலிக்கு அல்ல, இரண்டு வேளைக் கஞ்சிக்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காகிதமே ஆகாது என்று என்னை விரட்டிய மனுஷி, ஒரு துண்டுக் காகிதமாவது அவனிடம் எழுதி வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். அவர் களைக்கொத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"கூடப் பொறந்தவன்கிட்ட எழுதி வாங்குனா, அப்புறம் எந்த வீட்டு வாசல்ல தம்பி போயி நிப்பேன்? நகை போச்சு, போகட்டும். வாசலாச்சும் இருக்குல்ல."

ஒரு கையெழுத்து

வாத்தியாரின் செடிகள் காய்த்தன. காய்த்த வருஷம் பார்த்து ஏலக்காய் விலை விழுந்தது. காவல்காரனுக்குக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. ராத்திரியில் காயைக் கிள்ளிக்கொண்டு போகிற கூட்டம் அதிகமானதும், வாத்தியாரே ஒரு கம்பளியையும் அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு மலையேறிக் குடிசை போட்டுவிட்டார். பண்டிகைக்கு மட்டும் ஊருக்கு இறங்குவார்.

இங்கேதான் என் வேலை சிக்கலானது. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பாலிஸிக்காரர் காய்ச்சல் மலையில் போய்க் குடியிருந்தால், தன் கையெழுத்தோடு கம்பெனிக்குத் தெரிவித்துக் கூடுதல் தவணை கட்ட வேண்டும். தெரிவிக்காமல் அங்கே காய்ச்சல் கண்டு இறந்தால் பணம் கிடையாது. மாட்டுக்கொட்டகையில் நின்று இதை நான் சீனியம்மாளுக்குச் சொன்னேன். அவர் சாணிக்கையைக் கழுவாமலே யோசித்தார். கையெழுத்துக் கேட்டால் பாலிஸி உயிரோடு இருப்பது வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த மறுநாள் அதை முறித்து, வருகிற காசைக் களைவெட்டக் கொண்டுபோய்விடுவார். கேட்காவிட்டால் அவர் உயிரோடு இறங்கி வந்தாக வேண்டும். ஐம்பத்தைந்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி.

பெண்களுக்குத் துணிச்சல் கிடையாது, ஒரு பைசாவை எடுக்க ஒன்பது முடிச்சு அவிழ்ப்பார்கள் என்று காப்பிக் கிளப்பில் கேலி பேசுவார்கள். அந்தக் கிளப்பில் உட்கார்ந்திருந்த எவனும் இந்த அம்மாள் அன்றைக்கு வைத்த அளவுக்கு எதையும் வைத்து ஆடியதில்லை. ஏஜெண்ட் என்ற முறையில் நானாவது கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், அவர்கள் அந்தக் கொட்டகையில் நிற்கவில்லை.

"எழுத வேணாம் தம்பி. அவுக மலைய நம்பி வச்சிருக்காக, நான் அவுகளை நம்பி வச்சுட்டுப் போறேன். வேற எங்கன போயி வைக்க?"

காய் பறிப்பு முடியட்டும்

வெளியில் செத்தவரின் உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லைக்கு வெளியிலேயே வைத்து, அங்கிருந்தே சுடுகாட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். அதனால் மலைக்காய்ச்சல் கண்டவர்களை உயிர் இருக்கும்போதே இறக்கிவிட அவசரப்படுவார்கள். வாத்தியாரைக் கம்பளியில் தூளி கட்டி, தேவாரத்துக்கு மேலே இருக்கும் ஒற்றையடிப் பாதையில் தோட்டத்து ஆட்கள் ஓட்டமாகத் தூக்கிவந்தார்கள். வழியெல்லாம் செடிக்கணக்கே பேசிக்கொண்டு வந்தாராம். வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தினார்கள். சீனியம்மாள் கொடுத்த தண்ணீர் பாதி உள்ளே போயிற்று, பாதி கடைவாயில் வழிந்துவிட்டது.

நான் துக்கத்துக்குப் போனபோது முற்றத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சீனியம்மாள் அழவில்லை. தொழில் புத்தி பாருங்கள், அந்த இடத்திலும் எனக்கு விதிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும், ஆனால் அதைப் பற்றி அவர் பேசவில்லை. தூக்கிவந்த ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் என்னிடம் சொன்னார்.

"மேலு சுட்ட அன்னைக்கே எறங்கியிருந்தா பொழைச்சிருப்பாகளாம். காய் பறிப்பு முடியட்டும், அப்புறம் எறங்குறேன்னு சொல்லியிருக்காக."

மச்சானின் பெருமை

பணம் கேட்டு விண்ணப்பம் போனதும் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். தங்க பிரேம் கண்ணாடி, மெதுவான பேச்சு. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டார். பெண்கள் அத்தனை பேரும் கூடிப் பேசி வைத்ததுபோல ஒரே பதில் சொன்னார்கள். வாத்தியார் வீட்டில்தான் இருந்தார், வயிற்றுக் காய்ச்சலில் போனார். மோர் விற்கிற தகராறில் சீனியம்மாளோடு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டுக்காரிகூட, "நான்தானே மிளகுரசம் வச்சுக் குடுத்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மனிதர் பெட்டியை மூடிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

திரும்புகிற வழியில் காப்பி குடிக்கலாம் என்றார். கிளப்பில் ராமையா இருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று அக்காள் அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். கண்ணாடிக்காரர் ஒன்றும் விசாரிக்கவில்லை, வெறுமனே அனுதாபப்பட்டார். பாவம், பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு ஏலத்தோட்டத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும், யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று உச்சுக்கொட்டினார். நான் மேஜைக்கு அடியில் ராமையாவின் காலை மிதித்தேன். செத்துப்போன மச்சானை ஏமாளி என்று ஒருவன் சொல்ல, அதை நாலு பேர் கேட்க, ராமையாவால் தாங்க முடியவில்லை. டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தார்.

"யாரைப் பாத்துய்யா ஏமாந்த ஆளுங்கிறீரு? எங்க மச்சான் வருசக்கணக்கா மலையிலேயே கெடந்து யானைக்கும் திருடனுக்கும் அசராம காவல் காத்த ஆம்பளை! அவுக கீழ எறங்குனதே சாகத்தான்யா!"

கடைசியாக ஒரு தடவை

பணம் இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டது. நானும் விடாமல் எழுதினேன். கடைசியில் இரக்கப்பட்டு, கட்டிய தவணையில் ஒரு சிறு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனேன். மாடு இல்லை, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சீனியம்மாளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போக ராமையா வந்திருந்தார். பாத்திரங்களோடு அந்த உளுந்துப் பானையும் வண்டியில் ஏறியிருந்தது.

தபாலாபீஸில் போட்டுவிடுங்கள் அக்கா, யார் கேட்டாலும் எடுக்காதீர்கள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை நான் சொல்லி முடிக்கவில்லை. ராமையா தொண்டையைச் செருமினார். ஏலத்துக்கு இந்த வருஷம் விலை ஏறுகிறதாம், ஒரு களை மட்டும் வெட்டிவிட்டால் மச்சான் பங்கும் வீணாகாதாம். சீனியம்மாள் நான் கொடுத்த பணத்தை முந்தானையில் முடியவில்லை, எண்ணிப் பார்க்கவும் இல்லை. அப்படியே தம்பி கையில் கொடுத்தார். ராமையா வண்டிக்காரனைக் கூப்பிட முன்வாசலுக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்களுக்குப் புத்தி இருக்கிறதா அக்கா, அவர் வாயால்தானே எல்லாம் போயிற்று என்று கத்திவிட்டேன். சீனியம்மாள் வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தெரியும் தம்பி. அவுக தோத்தாக, போயிட்டாக. நானும் தோத்துட்டேன், ஆனா எனக்கு நாளைக்கும் பசிக்குமே. இவன் வீட்டு அடுப்புலதான எனக்குக் கஞ்சி காயணும்?"

ஆண்களிடம் லாபத்தையும் பெண்களிடம் பயத்தையும் சொல்லி விற்கும்படி பாடம் நடத்திய கம்பெனிக்கு, இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை வருஷம் சைக்கிள் மிதித்த பிறகு நான் அனுப்பக்கூடிய அறிக்கை ஒன்றுதான்: பயம் அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் கையிருப்பில் இருக்கிறது, புதிதாக அனுப்ப வேண்டாம்.